மழை பெய்தால்தான் கப்பல் ஓடும்... இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே பனாமா: இந்தக் குட்டி நாட்டைப் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பனாமா என்ற பெயரை நாம் எல்லோரும் எங்கேயாவது கேட்டிருப்போம். பள்ளிப் பாடத்தில் பனாமா கால்வாய். 2016-ல் உலகப் பணக்காரர்களின் ரகசியக் கணக்குகளை வெளியே கொண்டுவந்த பனாமா ஆவணங்கள். வாழை விவசாயம் செய்பவர்களைக் கேட்டால், "அது வாழைக்கு வர்ற வாடல் நோய்ங்க" என்பார்கள்.

ஆனால் அந்த நாடு எங்கே இருக்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் தெரியாது. அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 ஜனவரியில் பதவியேற்ற மேடையிலேயே "பனாமா கால்வாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்ற பொருளில் பேசியபோது, ஒரே நாளில் உலகமே இந்த நாட்டைத் திரும்பிப் பார்த்தது.

அப்படி என்னதான் இருக்கு அங்கே? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே பார்வையில் பனாமா

தலைநகரம்: பனாமா சிட்டி
பரப்பளவு: சுமார் 75,000 சதுர கி.மீ. (கேரளாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு)
மக்கள்தொகை: 2023 கணக்கெடுப்பின்படி 40 லட்சத்துக்கும் சற்று அதிகம்
மொழி: ஸ்பானிஷ். பழங்குடி மக்களுக்குத் தனி மொழிகள் உண்டு
பணம்: பல்போவா மற்றும் அமெரிக்க டாலர்
நேரம்: இந்தியாவை விட பத்தரை மணி நேரம் பின்னால்
ராணுவம்: கிடையாது

எங்கே இருக்கிறது பனாமா?

உலக வரைபடத்தில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒட்டும் இடத்தில் இடுப்பு மாதிரி ஒரு ஒல்லியான நிலம் தெரியும். அதுதான் மத்திய அமெரிக்கா. பெலிஸ், குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிகா, பனாமா என மொத்தம் 7 நாடுகள். இதில் கடைசியாக, தென் அமெரிக்காவைத் தொட்டுக்கொண்டு இருப்பது பனாமா. மேற்கே கோஸ்டா ரிகா, கிழக்கே கொலம்பியா. வடக்கே கரீபியன் கடல், தெற்கே பசிபிக் பெருங்கடல்.

சில இடங்களில் இந்த நாட்டின் அகலம் 60 கி.மீ.க்கும் குறைவு. காலையில் பசிபிக் கரையில் டிபன் சாப்பிட்டுவிட்டு கார் எடுத்தால், ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் கரீபியன் கரையில் இருக்கலாம். நாட்டின் மிக உயரமான இடம் பாரு எரிமலை. உயரம் 3,474 மீட்டர். மேகம் இல்லாத விடியற்காலையில் அதன் உச்சியில் நின்றால் இரண்டு கடல்களும் ஒரே இடத்திலிருந்து தெரியும்.

பசிபிக்கில் சூரிய உதயமா?

அமெரிக்கக் கண்டத்தில் பசிபிக் பெருங்கடல் மேற்கில்தானே இருக்கு? அங்கே சூரியன் மறையத்தானே செய்யும்? அதுதான் இல்லை. பனாமா நேராக வடக்கு தெற்காக நிற்கும் நாடு இல்லை. படுத்துக்கிடக்கும் 'எஸ்' எழுத்து மாதிரி கிழக்கு மேற்காக வளைந்து கிடக்கிறது. அதனால் பனாமா சிட்டி கடற்கரையில் நின்றால் பசிபிக் பக்கமிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம்.

கால்வாயிலும் இதே குழப்பம்தான். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் கப்பல் மேற்கே போகும் என்று நினைப்போம். உண்மையில் அது தென்கிழக்காகப் போகிறது. பசிபிக் வாசல், அட்லாண்டிக் வாசலை விடக் கிழக்கில் இருக்கிறது.

கண்டங்களை இணைத்த நிலம், கடல்களை இணைத்த கால்வாய்

ஒரு காலத்தில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் தனித்தனி. நடுவில் கடல். எரிமலைகளும் நிலத்தட்டு நகர்வும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை மேலே தள்ளின. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடைவெளி முழுதாக மூடிக்கொண்டது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் சொல்லும் கணக்கு. இரண்டு கண்டத்து விலங்குகளும் இந்தப் பாலம் வழியாக இடம் மாறின. கடல் நீரோட்டங்களே திசை மாறின.

இயற்கை கண்டங்களை இணைத்து கடல்களைப் பிரித்தது. மனிதன் வந்து கண்டங்களைப் பிரித்து கடல்களை இணைத்தான். பனாமாவின் நவீன வரலாறு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

கால்வாய் ஏன் தேவைப்பட்டது?

நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலில் சரக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கால்வாய் இல்லாவிட்டால் தென் அமெரிக்காவின் கடைசி முனை வரை இறங்கி, புயல் அடிக்கும் கடலைச் சுற்றி, மறுபடி மேலே ஏறி வர வேண்டும். பனாமா வழியாகப் போனால் சுமார் 13,000 கி.மீ. மிச்சம். எரிபொருள் மிச்சம், நாட்கள் மிச்சம்.

முதலில் களம் இறங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சூயஸ் கால்வாயை வெட்டிய பெர்டினாண்ட் டி லெசெப்ஸ் தலைமையில் 1880-களில் வேலை தொடங்கியது. சூயஸ் மாதிரியே கடல் மட்டத்துக்கு நேராக வெட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் சூயஸ் பாலைவன மணல். பனாமா மலை, பாறை, காடு, ஓயாத மழை. வெட்டிய மண் மறுபடி சரிந்து விழுந்தது. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. சுமார் 20,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. 1889-ல் நிறுவனமே திவாலானது. பிரான்ஸில் லட்சக்கணக்கான சாதாரண மக்கள் போட்ட சேமிப்புப் பணம் போயே போனது.

1904-ல் அமெரிக்கா வேலையைக் கையில் எடுத்தது. இந்த முறை முதலில் சண்டை போட்டது பாறையோடு இல்லை, கொசுவோடு. மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்பது அப்போதுதான் உறுதியாகியிருந்தது. மருத்துவர் வில்லியம் கோர்காஸ் தலைமையில் தேங்கிய நீரை வடித்து, வீடுகளுக்குப் புகை போட்டு, ஜன்னல்களுக்கு வலை அடித்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது.

மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் பார்படாஸ், ஜமைக்கா போன்ற கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சம்பளம் வெள்ளியில். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கத்தில். சாப்பாட்டுக் கூடம், குடியிருப்பு, தபால் நிலைய வரிசை வரை எல்லாமே தனித்தனி. அமெரிக்கா கட்டிய காலத்தில் மட்டும் 5,600-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவு உள்ளது. அவர்களின் வாரிசுகள்தான் இன்றைக்கு கொலோன் நகரிலும் தலைநகரிலும் வாழும் ஆப்ரோ-கரீபிய மக்கள்.

1914 ஆகஸ்ட் 15-ம் தேதி கால்வாய் திறக்கப்பட்டது.

கப்பல் மலை ஏறுவது எப்படி?

கால்வாய் என்றதும் இரு கடலுக்கும் நடுவே நேராகத் தோண்டிய பள்ளம் என்று நினைக்காதீங்க. இது படிக்கட்டு மாதிரி.

சாக்ரெஸ் என்ற ஆற்றின் குறுக்கே அணை கட்டி, கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் காதூன் என்ற பெரிய ஏரியை உருவாக்கினார்கள். கடலிலிருந்து வரும் கப்பல், 'லாக்' எனப்படும் ராட்சதத் தொட்டிக்குள் நுழையும். பின்னால் கதவு மூடும். மேலே இருக்கும் ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்ப கப்பலும் மேலே வரும். அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி என மூன்று படி ஏறி ஏரிக்குள் போய்விடும். ஏரியைக் கடந்து, மலையை வெட்டிய பகுதியையும் தாண்டி, அந்தப் பக்கம் மூன்று படி இறங்கினால் பசிபிக் கடல். மொத்தம் சுமார் 80 கி.மீ. பயணம்; 8 முதல் 10 மணி நேரம்.

பழைய தொட்டிகளில் தண்ணீரை ஏற்றி இறக்க மோட்டார் பம்ப் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகப் பாயும் விசையே போதும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் ஓடுகிறது. 2016 ஜூனில் இன்னும் அகலமான புதிய தொட்டிகள் திறக்கப்பட்ட பிறகு மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல்களும் போகின்றன.

ஒரு சுவாரசியமான தகவல். கட்டணம் கப்பலின் அளவைப் பொறுத்தது. பெரிய கப்பல்கள் லட்சக்கணக்கான டாலர் கட்டுகின்றன. 1928-ல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் கால்வாயை நீந்தியே கடந்தார். அவரையும் ஒரு கப்பலாகக் கணக்குப் போட்டு வசூலித்த கட்டணம் 36 சென்ட். கால்வாய் வரலாற்றிலேயே குறைந்த கட்டணம் இதுதான்.

யாருடைய கால்வாய்?

பனாமா 1821-ல் ஸ்பெயினிடமிருந்து விடுபட்டு கொலம்பியாவோடு சேர்ந்தது. 1903 நவம்பர் 3-ம் தேதி அமெரிக்காவின் ஆதரவோடு கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. பிரிந்த 15 நாளில் கால்வாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் கொடுமை என்னவென்றால், பனாமா சார்பில் கையெழுத்துப் போட்டவர் பனாமியரே இல்லை, ஒரு பிரெஞ்சுக்காரர். கால்வாயும் அதன் இருபுறமும் சேர்த்து சுமார் 16 கி.மீ. அகல நிலமும் அமெரிக்கக் கட்டுப்பாட்டுக்குப் போனது. நாட்டுக்கு நடுவே வேலி போட்ட இன்னொரு நாடு. உள்ளே அமெரிக்க போலீஸ், அமெரிக்கப் பள்ளி, அமெரிக்க நீதிமன்றம்.

1964 ஜனவரி 9-ம் தேதி, அந்தப் பகுதியில் பனாமா கொடியையும் ஏற்றக் கேட்டுப் பள்ளி மாணவர்கள் ஊர்வலமாகப் போனார்கள். தள்ளுமுள்ளுவில் அவர்கள் கொண்டுபோன கொடி கிழிந்தது. கலவரம் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட பனாமியர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாள் இன்றும் தியாகிகள் தினமாக, தேசிய விடுமுறையாக அனுசரிக்கப்படுகிறது.

1977-ல் பனாமா தலைவர் ஒமார் தோரிஹோஸும் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, 1999 டிசம்பர் 31-ம் தேதி நண்பகலில் கால்வாய் முழுமையாகப் பனாமாவின் கைக்கு வந்தது.

இதற்கிடையே 1989 டிசம்பரில் ராணுவ ஆட்சியாளர் மானுவல் நோரியேகாவைப் பிடிக்க அமெரிக்கப் படைகள் பனாமாவுக்குள் புகுந்தன. தலைநகரின் எல் சோரியோ என்ற ஏழை மக்கள் குடியிருப்பு தீயில் கருகியது. அதன் பிறகு பனாமா ராணுவத்தையே கலைத்துவிட்டது. 1994-ல் அரசியல் சாசனத்திலும் அதை எழுதிவைத்தார்கள்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான், "திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்ற பேச்சு அங்கே ஏன் அவ்வளவு வலித்தது என்பது புரியும். "கால்வாய் பனாமாவுடையது, இனியும் பனாமாவுடையதாகவே இருக்கும்" என்பதே அதிபர் ஹோசே ராவுல் முலினோ அரசின் பதில். 2024 நிதியாண்டில் மட்டும் கால்வாய் நிர்வாகம் அரசு கஜானாவுக்குக் கொடுத்தது சுமார் 247 கோடி டாலர்.

மழை பொய்த்தால் என்ன ஆகும்?

கடலில் ஓடும் கப்பலுக்கு மழை எதுக்கு? இங்கேதான் விஷயமே இருக்கு.

தொட்டிகளை நிரப்புவது கடல் நீர் இல்லை, ஏரியின் நல்ல தண்ணீர். ஒரு கப்பல் ஒரு முறை கடக்க சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் போய்ச் சேர்கிறது. புதிய தொட்டிகளில் 60 சதவீதத் தண்ணீரை மறுபடி பயன்படுத்தும் வசதி உண்டு. அப்படியும் செலவு அதிகம். மழை பெய்து ஏரியை நிரப்பினால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும்.

2023-ல் எல் நினோ வந்தது. மழை ஏமாற்றியது. 1950-க்குப் பிறகு மிக வறண்ட அக்டோபர் மாதம் அதுதான் என்று கால்வாய் ஆணையம் அறிவித்தது. வழக்கமாக நாளொன்றுக்கு 36 கப்பல் போகும் இடத்தில், எண்ணிக்கை 24-க்கும் கீழே இறக்கப்பட்டது. ஆகஸ்டில் 150-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இரு கரையிலும் நங்கூரம் போட்டுக் காத்துக்கிடந்தன. வரிசையில் முந்திப் போக ஒரு ஜப்பானிய நிறுவனம் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்தது. அதுவும் வழக்கமான கட்டணம் போக!

நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குடிநீர் வருவதும் இதே ஏரிகளிலிருந்துதான். அதாவது வறட்சி வந்தால் கப்பலுக்குத் தண்ணீரா, குழாய்க்குத் தண்ணீரா என்ற கேள்வி வரும்.

இதற்கு ஆணையம் சொல்லும் தீர்வு, இந்தியோ என்ற ஆற்றில் புதிய அணை. செலவு சுமார் 160 கோடி டாலர். ஆனால் அணைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் 2,000-க்கும் மேற்பட்டோரின் வீடும் நிலமும் இருக்கு. "உலக வர்த்தகத்துக்காக எங்க ஊர் ஏன் மூழ்கணும்?" என்பது அந்த விவசாயிகளின் கேள்வி. நாட்டின் பாதிப் பேருக்குக் குடிநீர், அரசுக்கு வருமானம் ஒரு பக்கம். தலைமுறையாக உழுத நிலம் இன்னொரு பக்கம்.

ஒரு பக்கம் தண்ணீர் இல்லை, இன்னொரு பக்கம் தண்ணீர் அதிகம்

அதே நாட்டின் கரீபியன் கரையில் கதை தலைகீழ். அங்கே குனா யாலா என்ற பகுதியில் 350-க்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள். சுமார் 50 தீவுகளில் குனா பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1925-ல் தங்கள் உடை, மொழி, வழக்கங்களைத் தடை செய்த அரசை எதிர்த்துப் போராடி, தன்னாட்சி உரிமையை வாங்கியவர்கள் இவர்கள். இன்றும் இவர்கள் பகுதியில் வெளியாட்கள் நிலம் வாங்க முடியாது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பல வண்ணத் துணிகளை அடுக்கி, மேலடுக்கை வெட்டி உள்நிறம் தெரிய குனா பெண்கள் தைக்கும் 'மோலா' துணி உலகப் புகழ்பெற்றது.

இதில் கார்டி சுக்துப் என்ற தீவு 400 மீட்டர் நீளம் கூட இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கடல் மட்டம் உயர உயர, காற்றுக் காலத்தில் அலை வீட்டுக்குள்ளேயே வர ஆரம்பித்தது. 2024 ஜூனில் சுமார் 300 குடும்பங்கள் நிலப்பகுதியில் அரசு கட்டிக்கொடுத்த இஸ்பெர்யாலா என்ற புதுக் குடியிருப்புக்கு மாறின. காலநிலை மாற்றத்தால் ஒரு சமூகமே இடம்பெயர்ந்த லத்தீன் அமெரிக்காவின் முதல் சம்பவங்களில் இதுவும் ஒன்று.

மாறினாலும் மனசு மாறுமா? கடலில் மீன் பிடித்து, படகில் வளர்ந்தவர்களுக்கு வரிசையாகக் கட்டிய கான்கிரீட் வீடு. காலி செய்ய மறுத்து தீவிலேயே இருக்கும் குடும்பங்களும் உண்டு. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் மற்ற தீவுகளும் இதே நிலைக்கு வரும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

சாலை முடியும் இடம்: டேரியன்

அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை நீளும் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை ஒரே ஒரு இடத்தில்தான் அறுந்துபோகிறது. அது பனாமாவின் கிழக்கு எல்லையில் உள்ள டேரியன் காடு. சுமார் 100 கி.மீ. தூரத்துக்கு ரோடே கிடையாது. சதுப்பு, மலை, ஆறு, அடர்ந்த காடு. யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள டேரியன் தேசியப் பூங்கா இங்கேதான் இருக்கிறது. பனாமாவின் தேசியப் பறவையான ஹார்ப்பி கழுகின் வீடும் இதுதான்.

இதே காட்டின் வழியாகத்தான் அமெரிக்கா போக நினைத்து லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். 2023-ல் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரம் பேர். பெரும்பாலோர் வெனிசுவேலாவைச் சேர்ந்தவர்கள், இந்தியர்களும் இருந்தார்கள். ஆற்று வெள்ளத்திலும் கொள்ளையர் கையிலும் பலர் உயிரை விட்டார்கள். 2025-ல் அமெரிக்க எல்லைக் கெடுபிடிக்குப் பிறகு இந்த எண்ணிக்கை அடியோடு விழுந்துவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கா வெளியேற்றிய சுமார் 300 பேரைப் பனாமா ஒரு ஹோட்டலில் அடைத்து வைத்திருந்தபோது, அதிலும் இந்தியர்கள் இருந்தார்கள். "கொண்டு போய் விட்டுடுறோம்" என்று பணம் கேட்கும் ஏஜென்ட்களின் பேச்சை நம்பும் முன் இதை நினைவில் வையுங்கள்.

மக்கள், சாப்பாடு, கொண்டாட்டம்

ஸ்பானிய, பழங்குடி, ஆப்பிரிக்க ரத்தம் கலந்த மக்களே அதிகம். நங்காபே, புக்லே, குனா, எம்பெரா, வோனான் உள்ளிட்ட பழங்குடியினர் சுமார் 17 சதவீதம். சீனர்கள் ரயில் பாதை போட்ட காலத்திலிருந்தே இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரும் உண்டு. கொலோன் நகரின் வரியில்லா வர்த்தக மண்டலத்தில் சிந்தி, குஜராத்தி வியாபாரிகள் பல ஆண்டுகளாகக் கடை நடத்துகிறார்கள். தலைநகரில் இந்துக் கோயிலும் இருக்கிறது.

சாப்பாடு விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல செய்தி: அங்கேயும் தினசரி சோறுதான்! கோழி, கிழங்கு, கொத்தமல்லி வாசனை தரும் நீள இலை ஒன்றைப் போட்டுக் கொதிக்க வைக்கும் 'சான்கோச்சோ' சூப் அவர்களின் தேசிய உணவு. வாழைக்காயைத் துண்டு போட்டு, வறுத்து, தட்டையாக அமுக்கி மறுபடி பொரித்தால் 'பத்தகோனெஸ்'. மரவள்ளிக்கிழங்கை மசித்து உள்ளே கறி வைத்துப் பொரித்தால் 'கரிமன்யோலா'. காரம் குறைவுதான். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குத் தலைநகருக்கு வெளியே கொஞ்சம் சிரமம். சோறு, பீன்ஸ், வாழைக்காய் எங்கேயும் கிடைக்கும்.

கொண்டாட்டம் என்றால் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும் கார்னிவல். நான்கு நாள். லாஸ் தாப்லாஸ் என்ற ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு கோஷ்டி. ஆளுக்கொரு ராணி, ஆளுக்கொரு ரதம்; ஒருவரை ஒருவர் பாட்டுப் பாடி வம்புக்கு இழுப்பார்கள். பெண்கள் 'பொயெரா' என்ற கைத்தையல் பாவாடை உடையில் வருவார்கள். ஒரு நல்ல பொயெராவைத் தைத்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். கரீபியன் கரையில் போர்ட்டோபெலோ பகுதியில் அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் ஆடும் காங்கோ சடங்கு, 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

தொப்பி, காபி, வாழை: பெயரில் இருக்கும் கதைகள்

பனாமா தொப்பி பனாமாவில் செய்வது இல்லை. அது ஈக்வடார் நாட்டுத் தயாரிப்பு. பனாமா துறைமுகம் வழியாக விற்பனையானதாலும், 1906-ல் கால்வாய் வேலையைப் பார்க்க வந்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை அணிந்ததாலும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

காபி மட்டும் நிஜமாகவே பனாமாவுடையது. போகெட்டே மலைச்சரிவில் விளையும் 'கெய்ஷா' ரகம், 2024 ஏலத்தில் கிலோ 10,000 டாலரைத் தாண்டியது.

இனி அந்த வாழை நோய். மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை வேர் வழியாக ஏறி, இலைகளை மஞ்சளாக்கி மரத்தையே சாய்த்துவிடும். ஒரு நூற்றாண்டுக்கு முன் பனாமா தோட்டங்களில் பேரழிவு ஏற்படுத்தியதால் 'பனாமா வாடல் நோய்' என்று பெயர். உலகச் சந்தையில் கோலோச்சிய 'குரோ மிஷெல்' என்ற ரகத்தையே அது வணிகத்திலிருந்து விரட்டிவிட்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் இன்று கடைகளில் கிடைக்கும் கேவண்டிஷ் ரகம். நம்மூர் ரஸ்தாளியைப் படுத்தும் வாடல் நோயும் இதே குடும்பம்தான்.

சரி, ஒரு தடவை போய்ப் பார்க்கணும்னா?

எப்போது போகலாம்: டிசம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். மே முதல் நவம்பர் வரை பிற்பகலில் கொட்டித் தீர்க்கும். புயல் பாதையிலிருந்து விலகி இருப்பதால் சூறாவளி நேரடியாகத் தாக்குவது அபூர்வம்.

எப்படிப் போவது: இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் போன்ற நகரங்களில் மாறிப் போகலாம். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். டிக்கெட் மலிவாக இருக்கேன்னு அவசரப்பட்டு எடுத்துவிடாதீங்க.

விசா: இந்தியர்களுக்கு விசா தேவை. அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளின் பலமுறை செல்லும் விசா வைத்திருந்து, அதைப் பயன்படுத்தியும் இருந்தால் சலுகை உண்டு. விதிகள் மாறும் என்பதால் டெல்லியில் உள்ள பனாமா தூதரகத்தில் கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பனாமா இருக்கிறது. ஊசி போட்டதற்கான சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால், இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தப்படலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையங்கள்தான். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

பணம்: பல்போவா என்பது நாணயம் மட்டுமே; நோட்டு கிடையாது. நோட்டுக்கு அமெரிக்க டாலர்தான். ஒரு பல்போவா ஒரு டாலருக்குச் சமம். மிச்சமாகும் பல்போவா நாணயத்தை அங்கேயே செலவழித்துவிடுங்கள், வெளியே செல்லாது.

மின்சாரம்: 110 வோல்ட், தட்டையான இரண்டு கால் பிளக். மாற்றி எடுத்துப் போவது நல்லது.

என்ன பார்க்கலாம்: மிராஃப்ளோரெஸ் தொட்டிகளில் கப்பல் ஏறி இறங்குவதை மேடையில் நின்று பார்க்கலாம். தலைநகரில் 1519-ல் தொடங்கி, 1671-ல் கடற்கொள்ளையர் ஹென்றி மோர்கன் தாக்குதலில் அழிந்த பழைய பனாமா இடிபாடுகள், அதற்குப் பிறகு எழுந்த காஸ்கோ வியெஹோ பழைய நகரம் இரண்டும் யுனெஸ்கோ இடங்கள். மத்திய அமெரிக்காவின் முதல் மெட்ரோ ரயில் 2014 முதல் இங்கே ஓடுகிறது. கடற்கரைக்கு போகாஸ் தெல் தோரோ, குளிருக்கும் காபிக்கும் போகெட்டே. குனா யாலாவுக்குப் போனால், அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீங்க. அது சுற்றுலாப் பொருட்காட்சி இல்லை, அவங்க வீடு.

பாதுகாப்பு: சுற்றுலாப் பகுதிகள் பொதுவாகப் பரவாயில்லை. கொலோன் நகரிலும் எல் சோரியோவிலும் தனியாகச் சுற்ற வேண்டாம். டேரியன் எல்லைப் பகுதி பக்கமே போக வேண்டாம்.

அடுத்த தடவை பனாமா பெயர் செய்தியில் வந்தால்...

2023 அக்டோபர், நவம்பரில் பனாமா மக்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். நாட்டின் பொருளாதாரத்தில் சுமார் 5 சதவீதம் பங்கு வகித்த ஒரு தாமிரச் சுரங்கத்துக்கு எதிராக. காடும் நீரும்தான் முக்கியம் என்றார்கள். நவம்பர் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் சுரங்க ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. வேலை போனது, வருமானம் போனது என்ற வருத்தம் ஒரு பக்கம் இன்னும் இருக்கு. சுரங்கத்தை மறுபடி திறக்கலாமா என்ற விவாதமும் ஓயவில்லை.

40 லட்சம் பேர் வாழும் நாடு. கப்பலுக்கு வழிவிட ஏரி நிறைய வேண்டும். ஏரி நிறைய மழை வேண்டும். மழை நிற்கக் காடு வேண்டும். எனவே அடுத்த தடவை "பனாமா கால்வாயில் கப்பல்கள் தேக்கம்" என்று செய்தி வந்தால், கப்பலோடு நிறுத்திவிடாதீங்க. இந்தியோ ஆற்றங்கரை விவசாயிக்கு என்ன பதில் கிடைத்தது, தீவை விட்டு வந்த குனா குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்தே பாருங்கள். பனாமா செய்தி அங்கேதான் இருக்கிறது.